தந்தை துறந்தார், மகள் அமர்ந்தார்!

பட்டம் பரம்பரைச் சொத்தாக இருந்த காலம் முடியாட்சியோடு முடிந்தது என்று மார்தட்டுவோர் உண்டு. முடியே அறியாத நாடு அமெரிக்கா! அங்கே, அலாஸ்கா மாநிலத்தில், 2002ஆம் ஆண்டு நடந்ததைக் கேளுங்கள் தோழர்களே!

பிராங்க் முர்கோவ்ஸ்கி என்பார் செனட் அவையில் இருபதாண்டுகளுக்கு மேல் வீற்றிருந்தவர். ஆளுநர் தேர்தலில் வென்றார். செனட் இருக்கை காலியாயிற்று. நிரப்பும் உரிமை யாருக்கு? ஆளுநருக்கு! ஆளுநர் யார்? அவரே! பலரையும் பரிசீலித்தாராம். இறுதியில் கண்டெடுத்த மாணிக்கம், அவர்தம் சொந்த மகள் லிசா!

அம்மையார் திறமையற்றவர் என்பதல்ல நம் வாதம். மாநில அவையில் இருந்தவர். 2004இல் மக்களிடம் சென்று வென்றவர். ஆனால் செனட்டர் என்ற பட்டத்தோடு களம் இறங்குபவரும், வெறுங்கையோடு இறங்குபவரும் ஒரே கோட்டிலா நிற்கிறார்கள்? வகுப்புத் தலைவனை நீங்களே தேர்ந்தெடுங்கள் என்று கூறிவிட்டு, அவன் பள்ளி மாறியதும் ஆசிரியர் தம் மகனை அவ்விடத்தில் அமர்த்தினால், என் வகுப்புச் சிறுவர்களே எள்ளி நகையாடுவர்.

1913க்கு முன் செனட்டர்களை மாநிலச் சட்டமன்றங்களே தேர்ந்தெடுத்தன. அவ்வாண்டு வந்த பதினேழாவது திருத்தம் அவ்வுரிமையை மக்களுக்கு வழங்கியது. வழங்கிய கையோடு, இடைக்கால நியமன உரிமையை ஆளுநருக்குச் சட்டமன்றம் அளிக்கலாம் என்று கொல்லைக் கதவையும் திறந்து வைத்தது! அக்கதவருகே கடை விரித்தார் இல்லினாய் ஆளுநர் பிளகோயெவிச். ஒபாமா 2008இல் குடியரசுத் தலைவராகத் தேர்வு பெற்றதும் காலியான இருக்கைக்கு விலை பேசினார், கைதானார். கைதான பின்னும் ஒருவரை நியமித்தார், அவரும் செனட்டில் அமர்ந்தார்! 2011இல் பதினான்கு ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2020இல் தண்டனை குறைந்தது, 2025இல் மன்னிப்பே கிடைத்தது.

இருக்கை வெறுமையாய்க் கிடந்தால் மாநிலத்தின் குரல் பாதி குன்றிவிடுமே என்பர் நியமன நேயர். அதே நாட்டின் பிரதிநிதிகள் அவையில் தொகுதிக்கு ஓர் உறுப்பினர்தான். அவர் மறைந்தால் தொகுதியின் குரல் முழுவதுமே அடங்கிவிடுகிறது. ஆயினும் அங்கே நியமனம் கிடையாது, தேர்தலேதான்! முழுக்குரல் இழந்தவன் தேர்தல்வரை பொறுத்திருக்க, பாதிக்குரல் இழந்தவனுக்கு மட்டும் ஏனிந்தப் பதற்றம்? விஸ்கான்சினும் ஆரிகனும் செனட் இடங்களையும் தேர்தல் வழியே நிரப்புகின்றன. செலவைக் காட்டி அவை பின்வாங்கவில்லை.

அலாஸ்கா மக்களும் வாளாவிருக்கவில்லை. காலியிடத்தைத் தேர்தலால் நிரப்பவேண்டும் என 2004இல் தாமே வாக்களித்துச் சட்டம் செய்தனர். 2006இல் தந்தையார் மீண்டும் ஆளுநராக விழைந்தார். சொந்தக் கட்சியின் வேட்பாளர் தேர்விலேயே அவருக்குக் கிடைத்தது மூன்றாம் இடம்.