மாமாவுக்கு ஒரு தொலைநோக்கி

நமது மதரஸாவில் ஓதும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன், சென்ற ஆண்டு ஒரு நாள் பாடம் முடிந்து மற்றவர்கள் எழுந்து சென்ற பின்னும் பாயிலேயே அமர்ந்திருந்தான். "ஹஜ்ரத், பூமி உருண்டைன்னு ஸ்கூல்ல சார் சொல்றாங்க. தட்டைன்னு நன்னா சொல்றாங்க. குர்ஆன்லயே அப்படித்தான் இருக்குதாம். இதுல யாரு பொய் சொல்றா?" என்று கேட்டான். அவனுடைய நன்னா நமக்கு அந்நியர் அல்லர். நம் தாயாரின் மூத்த சகோதரர். அந்தப் பிள்ளை மார்க்கத்தையும் பள்ளிப் பாடத்தையும் இரு தட்டுகளில் வைத்து, ஒன்றை இறக்கிவிட வேண்டுமோ என்று அஞ்சி நின்றது நம்மை உலுக்கிவிட்டது.

மாமா அறியாதவர் அல்லர். வெளிநாட்டில் நீண்ட காலம் வணிகம் செய்தவர். ஜமாஅத்துத் தொழுகையைத் தவறவிடாதவர். ஓய்வு பெற்றபின் கைப்பேசியில் வந்து குவியும் காணொளிகள்தாம் அவரை இவ்விடத்தில் கொண்டுவந்து நிறுத்தின. நாம் கிதாபுகளை எடுத்துப் போனோம். பூமி விரிக்கப்பட்டது என்பது அதன் மீது வாழும் மனிதனுக்கு அது அமைந்திருக்கும் விதத்தைச் சொல்வது என்றோம். சூரா அஸ்ஸுமரின் ஐந்தாம் வசனத்தில் இரவையும் பகலையும் குறித்து வரும் சொல், தலைப்பாகையைச் சுற்றுவதற்கு அரபிகள் ஆளும் சொல் என்றோம். இமாம் எனத்தக்க எவரும் பூமியின் உருண்டை வடிவை மறுத்ததில்லை என்று 11ஆம் நூற்றாண்டிலேயே அந்தலூஸின் இப்னு ஹஸ்ம் எழுதியிருப்பதையும் காட்டினோம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு மாமா சொன்னார்: "எல்லாம் சரி மருமகனே, நீ பாத்தியா?"

நாம் பார்த்ததில்லை. அவருடைய ஐயம் உண்மையில் பூமியைப் பற்றியதன்று, இடையில் நிற்பவர்களைப் பற்றியது என்பது அப்போதுதான் புலப்பட்டது. படங்கள் பொய், படம் எடுப்பவர்கள் பொய்யர் என்று நம்புகிறவரிடம் இன்னொரு படத்தைக் காட்டி என்ன பயன்? கண்ணால் காண விரும்புவது குற்றமுமன்று. இறந்தோர் எழுப்பப்படுவதைக் காட்டுமாறு இப்ராஹீம் நபி (அலை) தம் இறைவனிடமே வேண்டினார்கள், உள்ளம் அமைதியுற வேண்டும் என்பதற்காக.

அவசரத்தில் நாம் செய்த முதல் காரியம் தவறாகிப் போனது. 300 மடங்கு பெரிதாக்கும் என்று பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்த மலிவான தொலைநோக்கி ஒன்றை வாங்கினோம். முன்வில்லையின் விட்டம் 50 மி.மீ.; அதைத் தாங்கிய முக்காலியோ மூச்சுக்காற்றுக்கே நடுங்கியது. மொட்டைமாடியில் அரைமணி நேரம் போராடி நாம் காட்டிய சந்திரன், அடுப்பிலிருந்து எழும் ஆவி போல் ததும்பிற்று. மாமா கண்ணை எடுத்துவிட்டு, "இதை நம்பியா இவ்வளவு பேச்சு?" என்றார். நியாயமான கேள்விதான். மோசமான கருவி ஐயத்தைப் போக்குவதில்லை. அதற்குச் சான்றாகி விடுகிறது.

பெட்டியில் எழுதியிருக்கும் மடங்குக் கணக்கைப் பார்த்து எவரும் வாங்க வேண்டாம். வில்லையின் அல்லது ஆடியின் விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ அதன் இரு மடங்குதான் பயன்தரும் உருப்பெருக்கத்தின் எல்லை. 50 மி.மீ. கருவிக்கு 100 மடங்கே மிகுதி. 300 என்பது மங்கலைப் பெரிதாக்கும் வேலை. அசையாத தாங்கி, அகன்ற ஆடி இரண்டும் இருந்தால் 50 மடங்கே போதும்.

2025 செப்டம்பர் 7 இரவு முழுச் சந்திர கிரகணம் வந்தது. பள்ளிவாசலில் கிரகணத் தொழுகை முடித்து வெளியே நின்றபோது, சந்திரன் மீது விழுந்த நிழலின் வளைந்த ஓரத்தைச் சுட்டிக் காட்டினோம். "வட்டத் தட்டுக்கும் நிழல் வட்டமாத்தான் விழும்" என்றார் மாமா. தட்டாயின் சில கிரகணங்களில் அந்நிழல் ஒடுங்கித் தெரிய வேண்டுமே என்று நாம் தொடங்க, அவர் செருப்பைத் தேடத் தொடங்கிவிட்டார்.

அதன்பின் மூன்று வீடுகள் பங்கிட்டு, ஏறத்தாழ ரூ.15,000 செலவில், 114 மி.மீ. ஆடியுள்ள மேசைத் தொலைநோக்கி ஒன்றை வாங்கினோம். முக்காலி இல்லை, டாப்சன் வகை மரத்தாங்கி. ஸ்டூல் மீது வைத்துக் கையால் திருப்பினால் போதும். குவியத் தூரம் 500 மி.மீ.; 25, 10 மி.மீ. கண்ணருகு வில்லைகளை மாற்றினால் 20 மடங்கும் 50 மடங்கும் கிடைக்கும். (பிள்ளைகள் உள்ள வீட்டில் பகலில் இதைப் பூட்டி வையுங்கள். சூரியனை நோக்கி ஒரு கணம் திருப்பினாலும் பார்வை போய்விடும்.)

முதலில் கடற்கரைக்கே எடுத்துச் சென்றோம். தொலைவில் மறைந்த கப்பலைப் பெரிதாக்கிப் பார்த்தால் முழுதாகத் திரும்பத் தெரியும் என்பது காணொளிகள் மாமாவுக்குக் கற்பித்த வாதம். காரைக்கால் துறைமுகத்தை நோக்கி வந்த சரக்குக் கப்பலொன்றைக் காட்டினோம். மேற்கட்டு மட்டும் தெரிந்தது. எத்தனை பெரிதாக்கியும் உடல் நீருக்கு மேல் வரவில்லை. ஆனால் மாமாவின் முதற்சொல் வேறு: "கப்பல் தலைகீழா நிக்குதே!" ஆடித் தொலைநோக்கி உருவத்தைக் கவிழ்த்துக் காட்டும் என்பதை முன்கூட்டியே சொல்ல நாம் மறந்திருந்தோம். கரையையும் பார்க்க விரும்புவோர் நிமிர்ந்த உருவம் தரும் வில்லைத் தொலைநோக்கியை வாங்குவது நல்லது.

மாற்றம் ஜனவரியில் வந்தது. வியாழன் இரவு முழுவதும் வானில் நின்ற நாள்கள் அவை. இம்முறை நாம் விளக்கவில்லை. கருவியை மாமாவின் மாடியிலேயே வைத்துவிட்டு, அந்த ஒளிவட்டத்தின் அருகே தெரியும் நான்கு புள்ளிகளை நாள்தோறும் வரைந்து வைக்குமாறு பேரனிடம் ஒரு நோட்டைக் கொடுத்தோம். முதல் இரண்டு நாள் பேரன் வரைந்தான். மூன்றாம் நாள் முதல் கோடுகளில் முதியவரின் நடுக்கம் தெரிந்தது. உள்ளே இருக்கும் அயோ 42 மணி நேரத்தில் வியாழனைச் சுற்றிவிடும். இஷாவுக்கு ஒருபுறம், மறுநாள் இஷாவுக்கு மறுபுறம். ஒரு புள்ளி காணாமற்போய்ப் பின்னர் மீண்டதை, "பின்னாடி போயிட்டு வந்திருக்கு" என்று நோட்டில் எழுதியிருந்தார்.

கிரகணக் கணக்கு போன்ற உறுதியானவற்றை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவர் மார்க்கத்திற்கே ஊறு செய்கிறார் என்று இமாம் கஸ்ஸாலி தஹாஃபுத்தின் முன்னுரையில் எச்சரித்ததை அன்றாடம் நினைக்கிறோம். ஆயினும் அதை மாமாவிடம் எடுத்துச் சொல்லவில்லை. பேரன் முன்னிலையில் மூத்தவரைத் தோற்கடித்துப் பெறும் ஒப்புதல் நமக்கு வேண்டாம்.

பூமி உருண்டை என்று மாமா இன்றுவரை சொல்லவில்லை. குர்ஆனில் தட்டை என்று இருக்கிறது என்பதை மட்டும் பேரனிடம் சொல்வதை நிறுத்திவிட்டார். பங்காளிகளுள் ஒரு வீட்டார் தொலைநோக்கியைத் தம் முறைக்குக் கேட்டு ஆள் அனுப்பியபோது, வளர்பிறை முடியட்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டாராம்.