வீடியோ கால்: அப்பத்தாவுக்கு எது சரிப்படும்?

2025 மே 5-ஆம் தேதியோடு ஸ்கைப் மூடப்பட்டுவிட்டது. என் வகுப்பில் பாதிப் பேர் "அது இன்னும் இருந்துச்சா?" என்றுதான் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 2003-ல் பிறந்தது. 2006-லேயே வீடியோவைச் சும்மா கொடுத்தது. 2005-ல் ஈபே 260 கோடி டாலர் கொடுத்து வாங்கியது, 2011-ல் மைக்ரோசாப்ட் 850 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. அப்பேர்ப்பட்ட கடையே ஷட்டரை இறக்கிவிட்டது. யாஹூ மெசஞ்சர் 2018 ஜூலையில் போய்ச் சேர்ந்தது. கூகுள் வீட்டுக் கதை தனி. ஹேங்அவுட்ஸை 2022-ல் மூடினார்கள், அதே வருடம் டுவோவை மீட்டோடு சேர்த்தார்கள். அந்த வீட்டில் யார் இருக்கிறார், யார் போய்விட்டார் என்று தெரிந்துகொள்ள ரேஷன் கார்டைத்தான் வாங்கிப் பார்க்க வேண்டும் :-)

இதை இங்கே இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. இறுதியாண்டு வந்தாயிற்று. சிலர் வேலைக்கு வெளிநாடு போகப் போகிறார்கள், சிலர் வீட்டில் ஏற்கெனவே அப்பாவோ அண்ணனோ வெளியில் இருக்கிறார்கள். "வீட்டோட பேச எந்த ஆப் மச்சி நல்லது?" என்ற கேள்வி மதியச் சாப்பாட்டில் வந்துகொண்டே இருக்கிறது. பதிலாக வருவதெல்லாம் எத்தனை பேர் சேரலாம், பின்னணியில் கடற்கரை வைக்கலாமா, கிளாரிட்டி எப்படி என்பதுதான். "சிறந்த 10 ஆப்கள்" என்று வரும் பட்டியல்களும் இதையேதான் எழுதுகின்றன.

என் கட்சி வேறு. ஆப்பை அப்புறம் பார்க்கலாம், முதலில் எதிர்முனையில் இருக்கிற ஆளைப் பாருங்கள். அந்தக் குடும்பத்திலேயே போன் பழக்கம் மிகக் குறைவாக உள்ள ஆள் யாரோ, அவரால் எதை எடுக்க முடிகிறதோ, அதுதான் நல்ல ஆப்.

எங்கள் வீட்டில் அந்த ஆள் அப்பத்தா. வயது எழுபத்தைந்துக்கு மேல். பச்சை வட்டத்தை மேலே தள்ள வேண்டும் என்பது தெரியும். "மீட்டிங் லிங்க்கைத் தொட்டு, மைக் அனுமதி கொடுத்து, பெயரைத் தட்டி, ஜாயின் அழுத்துங்க" என்றால் போனைக் கட்டிலில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். அவருக்கு வேண்டியது மணி அடிக்க வேண்டும், எடுத்தால் முகம் தெரிய வேண்டும். அவ்வளவுதான். போன் போல மணி அடிக்கிற சேவை ஒரு ஜாதி, லிங்க் அனுப்பிக் கூடுகிற சேவை இன்னொரு ஜாதி. வாட்ஸ்அப், சிக்னல், ஃபேஸ்டைம் முதல் வகை. ஜூம், டீம்ஸ் எல்லாம் அலுவலகக் கூட்டத்துக்குச் செய்தவை, அவற்றைக் குடும்பத்துக்குக் கொண்டுவந்தது 2020 ஊரடங்கு. இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் வசதிகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் பாட்டி போனை எடுக்கவே மாட்டார்.

அதனால் "வாட்ஸ்அப் போதும், கட்டுரையை முடி" என்று நீங்கள் சொல்லலாம். இந்தியாவுக்குள் என்றால் நானும் ஏறக்குறைய ஒத்துக்கொள்வேன். வாட்ஸ்அப்பில் வீடியோ கால் வந்தது 2016 நவம்பரில். அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் ஜியோ வந்திருந்தது. டேட்டா மலிந்த நேரத்தில் வீடியோவும் வந்து சேர, எல்லார் போனிலும் அது உட்கார்ந்துகொண்டது. வணிகவியல் வகுப்பில் நெட்வொர்க் எஃபெக்ட் என்று படிக்கிறோமே, அதுதான். எல்லாரும் அங்கே இருக்கிறார்கள் என்பதற்காகவே எல்லாரும் அங்கே இருக்கிறார்கள்.

ஆனால் என் அப்பா இருப்பது ஷார்ஜாவில். அங்கேதான் கதை திரும்புகிறது.

ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் மெசேஜ் போகும், போட்டோ போகும், குரல் பதிவு போகும். கால் மட்டும் போகாது. ஃபேஸ்டைமும் அப்படியே. இணையவழி அழைப்புக்கு அங்குள்ள தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் அனுமதி வேண்டும். அனுமதிப் பட்டியலில் இருப்பவை போட்டிம், மைக்ரோசாப்ட் டீம்ஸ், ஜூம், கூகுள் மீட் போன்ற சில. ஆக, அப்பத்தாவுக்குச் சுலபமானது அப்பாவுக்கு இல்லை, அப்பாவுக்கு அனுமதிக்கப்பட்டது அப்பத்தாவுக்குச் சுலபமில்லை. எந்த ஆப் பட்டியலும் இந்த இடத்தில் உதவிக்கு வராது.

இந்தப் பேச்சு வந்தாலே யாராவது ஒருத்தர் "ஒரு விபிஎன் போட்டுக்கச் சொல்லு மாப்ள" என்று சொல்லிவிட்டு அடுத்த வாய்ச் சோற்றுக்குப் போய்விடுகிறார். கொஞ்சம் நிறுத்தி யோசிங்க. விபிஎன் வைத்திருப்பதே அங்கே குற்றமில்லை, கம்பெனிகள் வேலைக்குப் பயன்படுத்துகின்றன. ஆனால் குற்றம் செய்யவோ அதை மறைக்கவோ ஐபி முகவரியை மாற்றிக் காட்டினால் சிறையும், 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. தடை செய்த அழைப்பை விபிஎன் வழியாகப் பேசுவது அந்த வலையில் விழக்கூடிய காரியம். எத்தனை பேரைப் பிடிக்கிறார்கள் என்பது எனக்குப் பொருட்டில்லை. ஒரு லேபர் கேம்ப்பில் ஆறு பேரோடு அறையில் இருக்கும் மனுஷனிடம், விசா கையில் இருக்கிறது என்ற ஒரே தைரியத்தில் இருப்பவரிடம், இங்கே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு நாம் கொடுக்கிற யோசனையா இது? அவர் ஒரு நாள் மாட்டினால் அபராதம் கட்டப்போவது நாமில்லை.

விபிஎன் இல்லாமலே அங்கே வேலை செய்த இலவச ஆப் ஒன்றும் இருந்தது. டூடாக் என்று பெயர், 2019-ல் வந்தது. தடை இல்லை, காசில்லை. குடும்பத்தைப் பார்க்கத் தவித்த மக்கள் அள்ளிக்கொண்டார்கள். அந்த வருடம் டிசம்பரிலேயே, அது அமீரக அரசுக்கான உளவுக் கருவி என்று நியூயார்க் டைம்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் மறுத்தது. ஆப்பிளும் கூகுளும் தங்கள் கடையிலிருந்து எடுத்தார்கள். கூகுள் ஜனவரியில் திரும்பச் சேர்த்து, பிப்ரவரியில் மறுபடியும் எடுத்தது. உண்மை எதுவோ இருக்கட்டும். எல்லாக் கடையும் பூட்டியிருக்கும் தெருவில் ஒரே ஒரு கடை மட்டும் திறந்திருந்து, அதுவும் சும்மா கொடுக்கிறது என்றால், உள்ளே நுழையும் முன் இது யார் கடை என்று கேட்டுவிட்டுப் போவது நல்லது.

யார் கடை என்பது பி.காம் படிக்கிறவனுக்குப் பிடித்த கேள்வி. வீடியோ கால் என்பது சர்வர், பேண்ட்வித், மின்சாரம். எல்லாமே செலவு. நாம் கொடுக்காவிட்டால் வேறு எந்தக் கணக்கிலோ பற்று எழுதியிருக்கிறார்கள். ஸ்கைப்புக்குச் சோறு போட்டது லேண்ட்லைனுக்கும் செல்போனுக்கும் காசு கொடுத்துப் பேசியவர்கள். ஜூமுக்குப் போடுவது சந்தா கட்டும் கம்பெனிகள். அதனால்தான் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் ஜூம் கால் முடிந்துவிடும். முன்பு இருவர் மட்டும் பேசினால் அந்தக் கட்டுப்பாடு இல்லை, 2022-ல் அதற்கும் வைத்துவிட்டார்கள். மீட்டில் இருவருக்குத் தாராளம், மூன்று பேரோ அதற்கு மேலோ என்றால் 60 நிமிடம். வாட்ஸ்அப்பை 2014-ல் ஃபேஸ்புக் 1900 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அவ்வளவு பணத்தைத் தர்மத்துக்குப் போட மாட்டார்கள். பேசுவது என்ன என்பது முனைக்கு முனை மறையாக்கத்தில் இருக்கிறது, நிறுவனமே கேட்க முடியாது. ஆனால் யார் யாரோடு, எப்போது, எவ்வளவு நேரம் என்பதும் ஒரு சரக்குதான். அந்த மறையாக்க விஷயத்திலும் விளம்பர வாசகத்தை அப்படியே நம்ப வேண்டாம். ஜூம் தன்னிடம் அந்த வசதி இருப்பதாகச் சொன்னது பயனர்களைத் தவறாக வழிநடத்தியது என்று அமெரிக்க வணிக ஆணையம் குற்றம் சாட்டி, 2020 நவம்பரில் சமரசம் ஆனது. உண்மையான வசதியை அதற்கு முந்தைய மாதம்தான் கொண்டுவந்திருந்தார்கள்.

சிக்னல் மட்டும்தான் கணக்குப் புத்தகத்தையே திறந்து காட்டியது. நன்கொடையில் ஓடும் லாப நோக்கமற்ற அமைப்பு அது. 2023 நவம்பரில் தன் செலவை வெளியிட்டார்கள். குரல், வீடியோ அழைப்புகளுக்கான பேண்ட்வித் மட்டும் வருடத்துக்குச் சுமார் 17 லட்சம் டாலர். அதைவிட வேடிக்கை, புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சரிபார்ப்பு எஸ்எம்எஸ் அனுப்பும் செலவு சுமார் 60 லட்சம் டாலர்! 2025-க்குள் மொத்தச் செலவு வருடத்துக்கு 5 கோடி டாலரைத் தொடும் என்று கணித்திருந்தார்கள். 'இலவசம்' என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் இந்த எண்கள் எனக்கு ஞாபகம் வரும். சிக்னலை எனக்குப் பிடிக்கும். ஆனால் என் தொடர்புப் பட்டியலில் அதில் இருப்பவர்கள் நான்கு பேர், அந்த அமீரக அனுமதிப் பட்டியலிலும் அது இல்லை.

நம் பக்கத்துச் செலவையும் ஒரு கணக்குப் பார்ப்போம். நல்ல தரத்தில் இருவர் பேச மேலே 600, கீழே 600 கேபிபிஎஸ் வேண்டும் என்கிறது ஜூம். இரண்டையும் கூட்டி ஒரு மணி நேரத்துக்குப் பெருக்கினால் சுமார் 540 எம்பி. தினம் 1 ஜிபி பேக் போட்டவருக்குப் பாதி நாள் காலி. வைஃபை இல்லாத வீட்டில் ஆப்பின் பெயரைவிட இந்தக் கணக்கு முக்கியம். டேட்டா குறைவாக எடுக்கும் அமைப்பு வாட்ஸ்அப் செட்டிங்ஸில் இருக்கிறது, அம்மா போனில் நீங்களே போய்ப் போட்டுவிடுங்க. கூடவே தெரியாத எண்களின் அழைப்பை ஒலிக்காமல் செய்யும் வசதியையும் போடுங்க, 2023-ல் வந்தது. காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வீடியோ காலில் வந்து 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டிப் பணம் பறிக்கிற கூட்டம் முதலில் தேடுவது அப்பத்தா மாதிரி ஆட்களைத்தான். அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் கிடையாது.

எனக்குள்ள பெரிய ஆதங்கம் ஒன்று. பிஎஸ்என்எல் போனிலிருந்து ஏர்டெல் போனுக்குப் பேச முடிகிறது. வாட்ஸ்அப்பிலிருந்து சிக்னலுக்கு ஏன் பேச முடியாது? தொழில்நுட்பத்தில் சிக்கல் இருக்கலாம், ஆனால் முக்கியக் காரணம் வேலி போட்டால் ஆடு வெளியே போகாது என்பதுதான். ஐரோப்பிய ஒன்றியம் தன் டிஜிட்டல் சந்தைகள் சட்டத்தில் வாட்ஸ்அப் போன்ற பெரிய கடைகள் மற்ற சேவைகளுக்குக் கதவைத் திறக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. முதலில் மெசேஜ், குரல் மற்றும் வீடியோ அழைப்புக்கு 4 வருட அவகாசம். இதை இங்கேயும் கேட்க வேண்டும் என்பேன். 2014 டிசம்பரில் இணையவழி அழைப்புக்குத் தனிக் கட்டணம் என்று ஏர்டெல் அறிவித்தபோது எழுந்த எதிர்ப்பில் சில நாட்களிலேயே பின்வாங்கினார்கள். கேட்டால் நடக்கிறது.

அதுவரை எங்கள் வீட்டு ஏற்பாடு இதுதான். அப்பா அனுமதி உள்ள ஒரு சேவையில் லிங்க் போடுவார். ஒவ்வொரு ஞாயிறும் அதே லிங்க், அதே நேரம். அங்கே இரவு 8 என்றால் நமக்கு 9.30. லிங்க்கைத் தொடுவது அம்மாவோ தங்கையோ, அப்பத்தா ஸ்டாண்டில் நிற்கும் போனுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தால் போதும். மற்ற நாட்களில் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு. அது அங்கே தடையில்லை, அப்பத்தா ஒரே பதிவை நாலு தடவை போட்டுக் கேட்பார். ஊரில் இருக்கிற எங்களுக்குள் பேச வாட்ஸ்அப் கால். மொத்தம் இரண்டு சேவை, ஒன்று மூடினாலும் மற்றது இருக்கும்.

விமானம் ஏறப்போகிற நண்பர்களுக்கு ஒரு வேலை. போகிற நாட்டில் எது ஓடும் என்று அங்கே இருக்கிற ஒருவரிடம் இப்போதே கேட்டு, அதை வீட்டில் எல்லார் போனிலும் போட்டு, நீங்கள் மாடியிலும் அவர்கள் கீழேயுமாக நாலைந்து முறை பேசிப் பாருங்க. பாஸ்வேர்டை நாள்காட்டியின் பின்பக்கம் எழுதி மாட்டிவிட்டுப் போங்க. அங்கே போய் இறங்கிய பிறகு, ஓடிபி வருவது இந்திய சிம்முக்கா அந்த ஊர் சிம்முக்கா என்று நடுராத்திரியில் தங்கச்சிக்கு விளக்கிக்கொண்டிருக்க முடியாது.