பெட்டி கட்டுமுன் பிள்ளையிடம் சொல்லுங்கள்

கணவர் பட்டாளத்தில் வேலை பார்க்கிறார். குடும்பம் நீலகிரி மலையில் உள்ள வெலிங்டனில் இருக்கிறது. மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி நிலையம் உள்ள ஊர் அது. திடீரென்று மாற்றல் உத்தரவு வருகிறது. இனி ராஜஸ்தானில் உள்ள ஜோத்பூருக்குப் போகவேண்டும்.

உடனே வீட்டில் என்ன நடக்கிறது?

பரணில் இருந்து இரும்புப் பெட்டிகள் இறங்குகின்றன. பாத்திரங்களைத் துணியில் சுற்றுகிறார்கள். பெட்டியின் மேல் பெயரும், போகும் ஊரும் எழுதுகிறார்கள்.

எல்லாம் சரி. மூலையில் நின்று பார்க்கும் பிள்ளையிடம் யாராவது ஒரு வார்த்தை சொன்னார்களா?

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். பாத்திரம் முதலில், காகிதம் அடுத்து, பிள்ளை கடைசியில் என்று நினைக்கிறார்கள். இதை அப்படியே தலைகீழாக மாற்றவேண்டும் என்பது என் கருத்து.

முதலில் பிள்ளை

பெரியவர்களுக்கு அது மாற்றல். பிள்ளைக்கு அது பிரிவு. கூட விளையாடிய தோழனையும், கைபிடித்து எழுதச் சொல்லிக்கொடுத்த ஆசிரியையையும் விட்டுவிட்டுப் போகவேண்டும்.

"சொன்னால் அழுவான்" என்று கடைசி நாள்வரை மறைக்கிறார்கள். பெட்டியைப் பார்த்தால் பிள்ளைக்குத் தெரியாதா? தெரிந்தும் கேட்கப் பயந்து, தனியாக அழும்.

உத்தரவு வந்த அன்றே சொல்லுங்கள். தேசப் படத்தில் ஜோத்பூரைக் காட்டுங்கள். மலைக் குளிரில் வளர்ந்த பிள்ளை அது. "அங்கே கோடை வெயில் கடுமையாக இருக்கும்" என்ற உண்மையையும் சொல்லுங்கள். அதற்கென்று ஒரு சிறு பெட்டி கொடுங்கள். உடைந்த பொம்மையை வைத்தாலும் எடுத்து எறியாதீர்கள்.

அடுத்தது காகிதம்

ஊர் ஊராக மாறும் மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்காக 1963-ல் மத்தியப் பள்ளிகள் தொடங்கின. முதலில் 20 பட்டாளப் பள்ளிகளே அப்படி மாறின. இன்று அவற்றைக் கேந்திரிய வித்யாலயா என்கிறோம். நாடு முழுவதும் ஒரே பாடத்திட்டம். ஆகவே படிப்பு கெடாது.

ஆனால், பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் லாரியில் போன பெட்டிக்குள் இருந்தால்? பள்ளியில் சேர்க்கப் போகும்போது கையைப் பிசையவேண்டியதுதான்! மாற்றுச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, பாங்குப் புத்தகம் எல்லாம் ஒரே கைப்பையில், உங்கள் மடியிலேயே வரட்டும்.

கடைசியில் பாத்திரம்

கேஸ் சிலிண்டரை ரெயிலில் கொண்டுபோகக் கூடாது. ஏஜென்சியில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். இரண்டு பாத்திரம், நாலு தட்டு, கொஞ்சம் அரிசி, பருப்பு, ஒரு போர்வை ஆகியவற்றைத் தனியாக ஒரு பையில் வையுங்கள். லாரி தாமதமானாலும் முதல் நாள் கஷ்டம் தெரியாது.

எல்லைப் பகுதிக்கு மாற்றலானால், பல இடங்களுக்குக் குடும்பத்தை அழைத்துப்போக முடியாது. கணவர் முன்னே போய்விடுவார். வீட்டைக் காலி செய்யும் பொறுப்பு மனைவியின் தலையில் விழும். அப்போது அவளுக்குத் துணை யார்? அதே பிள்ளைதான். விஷயத்தைச் சொல்லி வைத்திருந்தால், பத்து வயதுப் பையன் எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று நோட்டில் எழுதிக் கொடுப்பான். மறைத்து வைத்திருந்தால், அவனைச் சமாதானம் செய்யவே நேரம் போய்விடும்.

ஆகவே தாய்மார்களே, இன்று பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுங்கள். பெட்டியை நாளைக்குக் கட்டலாம்.