ஒரே நம்பரை ஏழு இடத்துல டைப் பண்ணாதீங்க

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை எடுத்துக்கங்க. உங்க மாடலோட அக்யூரசி 91.4 சதவீதம்னு வெச்சுக்குவோம். அந்த எண் அப்ஸ்ட்ராக்ட்ல வரும், முதல் அத்தியாயத்தோட கடைசியில வரும், ரிசல்ட்ஸ் டேபிள்ல வரும், கன்க்ளூஷன்ல வரும். கான்ஃபரன்ஸ் பேப்பர் போட்டா அங்கேயும் வரும். மார்ச் மாசம் டேட்டாவைச் சுத்தம் பண்ணி மறுபடி ரன் பண்றீங்க, 89.7 ஆயிடுது. இப்போ யாரு போய் எல்லா இடத்துலயும் மாத்துறது?

வழக்கமா மூணு இடத்துல மாத்துவோம். நாலாவது இடத்தை வைவா அன்னிக்கு எக்ஸ்டெர்னல் கண்டுபிடிப்பார். "இதுல எதுப்பா உங்க ரிசல்ட்?"னு அவர் கேட்டா, நாலு மாசம் நேர்மையா உழைச்ச டீமும் எங்கேயோ சுட்டுட்டு வந்த டீமும் ஒரே மாதிரிதான் முழிக்கும். அவருக்கு வித்தியாசம் தெரிய வழியே இல்ல.

வேடிக்கை என்னன்னா, இந்த வியாதிக்கு மருந்தை நாம ஏற்கெனவே படிச்சாச்சு. டிபிஎம்எஸ்ல அப்டேட் அனாமலின்னு எழுதி மார்க் வாங்கினோமே, அது இதேதான். ஒரு தகவல் பல இடத்துல இருந்தா ஒரு இடம் மாறும், இன்னொண்ணு மாறாது. அதனால ஒரே இடத்துல வெச்சு மத்த இடத்துல இருந்து கைகாட்டு. கோடிங்லயும் ஒரே வரியை ரெண்டாவது தடவை எழுதினா ஃபங்ஷன் ஆக்குறோம். ரிப்போர்ட்னு வந்ததும் கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் வி.

வேர்ட்லயே இதுக்கு வழி இருக்கு. 'முடிவுகள்'னு ஒரு தனி ஃபைல் போடுங்க. அடிக்கடி மாறுற எண்ணை அதுல எழுதி, அதை மட்டும் செலக்ட் பண்ணி, இன்செர்ட் மெனுவுல புக்மார்க் வெச்சு சேவ் பண்ணுங்க. பத்தி முடிவுக் குறியைச் சேர்த்துடாதீங்க, சேர்த்தா போற இடத்துல வாக்கியம் உடையும். அப்புறம் ரிப்போர்ட்ல வேணுங்கிற இடத்துல இன்செர்ட், ஆப்ஜெக்ட், டெக்ஸ்ட் ஃப்ரம் ஃபைல். அந்த ஃபைலைத் தேர்ந்தெடுத்து, ரேஞ்ச்ல புக்மார்க் பேரைக் கொடுத்து, இன்செர்ட் பட்டனுக்குப் பக்கத்து அம்புக்குறியில 'இன்செர்ட் ஆஸ் லிங்க்'. அவ்வளவுதான். முடிவுகள் ஃபைல்ல மாத்தி சேவ் பண்ணிட்டு, ரிப்போர்ட்ல கன்ட்ரோல் ஏ, எஃப்9 அழுத்துங்க. எல்லா இடமும் மாறிடும். (சில லேப்டாப்ல எஃப்என் கீயையும் சேர்த்து அமுக்கணும், இல்லேன்னா வால்யூம்தான் மாறும்.) லிப்ரே ஆஃபீஸ் வெச்சிருக்கவங்க ரைட்டர்ல இன்செர்ட், செக்‌ஷன் போய் 'லிங்க்'கை டிக் பண்ணுங்க. அது பத்தி பத்தியாத்தான் இணைக்கும். வாக்கியத்துக்கு நடுவுல ஒரு எண்ணை மட்டும் செருக உதவாது.

பேஸ்ட் ஸ்பெஷல்ல 'பேஸ்ட் லிங்க்'னு ஒண்ணு இருக்கே, அது சுலபமாச்சேன்னு கேப்பீங்க. சுலபம்தான். ஆனா அது தானா வைக்கிற புக்மார்க் பேரு 'ஓஎல்இ லிங்க் 1' மாதிரி இருக்கும். பத்து லிங்க் ஆனப்புறம் எது எதுன்னு யாருக்கும் தெரியாது. நீங்களே பேரு வைக்கிறதுதான் நல்லது.

"எல்லாரும் ஒரே கூகுள் டாக்ல டைப் பண்ணிட்டாப் போச்சு"ன்னு சொல்றவங்க இருக்காங்க. நாலு ஃபைல் சுத்துற பிரச்சினை அதுல தீரும். ஆனா அந்த ஒரே டாக்குக்குள்ள 91.4 ஏழு தடவை இருந்தா அது ஏழு தடவைதான்.

லிங்க்குக்கும் தொல்லை உண்டு, மறைக்க வேண்டாம். ஃபைலோட முழு பாதையையும் வேர்ட் நினைவுல வெச்சுக்கும். லேப் சிஸ்டத்துல டி டிரைவ்ல இருந்ததை பென் டிரைவ்ல எடுத்துட்டு ஹாஸ்டலுக்கு வந்து எஃப்9 அடிச்சா, எண்ணுக்குப் பதிலா எரர் மெசேஜ் நிக்கும். எந்த மெஷின்ல ரிப்போர்ட்டைச் சேர்க்கப்போறீங்கன்னு முதல்லயே முடிவு பண்ணிடுங்க. புக்மார்க் வெச்ச எண்ணை முழுசா செலக்ட் பண்ணி மேலே டைப் பண்ணினா புக்மார்க்கே போயிடும். ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட்ல 'ஷோ புக்மார்க்ஸ்' போட்டா அடைப்புக்குறி தெரியும். அதுக்குள்ளேயே புதுசை டைப் பண்ணிட்டு அப்புறம் பழசை அழிங்க. கைடுக்கு அனுப்புறப்போ ஒரு காப்பி எடுத்து, அந்தக் காப்பில மட்டும் கன்ட்ரோல் ஏ, கன்ட்ரோல் ஷிஃப்ட் எஃப்9 அடிங்க. லிங்க் எல்லாம் சாதா எழுத்தா மாறிடும். பொருளடக்கமும் சேர்ந்து உறைஞ்சுடும், அதனாலதான் காப்பின்னு சொல்றேன்.

முழு அத்தியாயத்தையும் லிங்க் பண்ணக் கிளம்பிடாதீங்க. திரும்பத் திரும்ப வர்ற எண்கள், பாராமீட்டர் டேபிள், ப்ராப்ளம் ஸ்டேட்மென்ட், இதுக்கு மேல போனா தலைவலிதான்.

எனக்கு இதுல பிடிச்ச விஷயம் வேற. நம்ம பல டீம்ல ரிப்போர்ட் ஒரே ஒருத்தர் தலையில விழுது, அதுவும் பெரும்பாலும் "நீ நல்லா டைப் பண்ணுவ"ன்னு டீம்ல இருக்கிற பொண்ணு தலையில. ராத்திரி ரெண்டு மணிக்கு வாட்ஸ்அப்ல "மச்சி, நம்பர் மாறிடுச்சு"ன்னு ஒரு மெசேஜ் வரும், தேடி மாத்துறது அவ வேலை, தப்பா இருந்தா திட்டு வாங்குறதும் அவதான். முடிவுகள் ஃபைலை மாடலை ரன் பண்றவன் கையில கொடுங்க. எண் அவனோடது, மாத்தவேண்டியதும் அவன். அவ எஃப்9 அழுத்திட்டுத் தூங்கலாம்.

நாளைக்கே ஃபைனல் ரிவ்யூ இருக்கிற டீம் இன்னிக்கு இதை ஆரம்பிக்காதீங்க, இருக்கிறதும் கெடும். ஜீரோத் ரிவ்யூல இருக்கிறவங்க முதல் அத்தியாயத்துக்கு முன்னாடி அந்தச் சின்ன ஃபைலைத் திறந்து வெச்சுடுங்க.