ராத்திரி பஸ்ல மிச்சம் பிடிக்கிற வியாபாரிகளுக்கு

1/ விருத்தாசலத்துல செராமிக் யூனிட் நடத்துறவங்களுக்காக இந்த இழை. வேற ஊர்ல சின்னத் தொழில் செய்றவங்களும் படிக்கலாம். கதை ஒண்ணுதான்.

2/ அகல் விளக்கு, பொம்மை, ஃபியூஸ் கேரியர் எல்லாம் இங்கேயே செஞ்சிடலாம். ஆனா ஆர்டர் பிடிக்கவும் பாக்கி வசூலிக்கவும் சென்னை, பெங்களூருன்னு ஓனரே அலையணும். ஓபியில என்கிட்ட வர்றவங்க சொல்ற கணக்கு இது: பகல் முழுக்க யூனிட், ராத்திரி பயணம், காலையில கடை கடையா ஏறி இறங்கி, அன்னிக்கு ராத்திரியே திரும்பணும். "ரூம் வாடகை மிச்சம் டாக்டர், ஒரு நாளும் மிச்சம்."

என் கருத்து: அது மிச்சம் இல்லீங்க, கடன். உடம்பு வட்டியோட வசூலிக்கும்.

3/ 2000-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு சொல்வது: 17 முதல் 19 மணி நேரம் தூங்காமல் இருந்தவர்களின் வேகமும் துல்லியமும், ரத்தத்தில் 0.05% ஆல்கஹால் இருப்பவர்கள் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. நம்ம மோட்டார் வாகனச் சட்டம் வண்டி ஓட்ட அனுமதிக்கும் உச்சவரம்பே 0.03%தான்.

காலை 5 மணிக்கு எழுந்தவர் ராத்திரி 11 மணிக்கு உளுந்தூர்பேட்டை தாண்டி ஸ்டியரிங் பிடிச்சிருந்தா, 18 மணி நேரம் ஆச்சு. போலீஸ் ஊதச் சொன்னா மெஷின் பூஜ்யம்தான் காட்டும். எதிர்ல வர்ற லாரிக்கு அது தெரியாது.

அதே களைப்பான மூளையோடதான் காலையில ரேட் பேசுறீங்க, எத்தனை நாள் கடன்னு ஒத்துக்கிறீங்க. அந்த நஷ்டம் எந்த நோட்டுலயும் ஏறாது.

4/ நம்ம ஊர் ஜங்ஷன். சென்னை 200 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல, ரயிலேறினா போய்ச் சேரலாம். பில் சரிபார்க்குறது, போன் பேசுறது, அரைத் தூக்கம், எல்லாம் ரயில்ல முடியும். கார் ஓட்டிக்கிட்டு முடியுமா?

குர்ஜா, மோர்பி மாதிரி தூரம் போறவங்க மணிக்கொரு தடவை எழுந்து நடங்க, தண்ணி குடிங்க. 4 மணி நேரத்துக்கு மேல அசையாம உட்கார்ந்து பயணம் செஞ்சா, காலில் ரத்தம் உறையும் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்காகுதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2007-ல் சொன்னது. மொத்தத்துல அபாயம் குறைவுதான், பயப்பட வேண்டாம். ஆனா ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சாலோ, திடீர்னு மூச்சு வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

5/ சர்க்கரை உள்ளவங்க கவனிங்க. இன்சுலினோ கிளிமிபிரைடு மாத்திரையோ எடுத்துட்டு, பார்ட்டியைப் பார்த்துட்டு வந்து சாப்பிடலாம்னு இருந்தா சர்க்கரை இறங்கும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் வரும். வண்டியில இருந்தா ஓரம் கட்டுங்க. உடனே 3 டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ், பிறகு சாப்பாடு. அதுக்காக மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. பயணத்துக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட நேரத்தைக் கேட்டு வாங்குங்க. மாத்திரை கைப்பையில இருக்கட்டும், இன்சுலினை வெயில்ல நிக்கிற காருக்குள்ள வைக்காதீங்க.

6/ இன்னொண்ணு, போன். "சூளை என்னாச்சு?"ன்னு ராத்திரி 2 மணிக்குக் கூப்பிட்டா உங்க தூக்கமும் போச்சு, அங்க இருக்கிறவர் தூக்கமும் போச்சு. நாங்க டியூட்டி மாறும்போது கேஸ் ஷீட்ல எழுதி வெச்சுட்டுத்தான் போவோம். நீங்களும் எழுதுங்க: எத்தனை மணிக்கு எவ்வளவு சூடு, எப்போ அணைக்கணும், எது நடந்தா மட்டும் கூப்பிடணும். முடிஞ்சா சூளை எரியாத நாளாப் பார்த்துக் கிளம்புங்க.

7/ "ரூமுக்கு எங்க டாக்டர் போறது?" நியாயமான கேள்வி. லாபம் அகல் விளக்குக்குப் பைசாக் கணக்குலதான் நிக்குது. அதனாலதான் சொல்றேன், பேக்கிங், லாரி வாடகை மாதிரி தங்குற செலவையும் ரேட்டுல சேருங்க. மூணு தடவை ஓடுறதை ஒரு ராத்திரி தங்கி ஒரே பயணமா முடிங்க. நாலு யூனிட் சேர்ந்து எல்லார் சாம்பிளையும் ஒருத்தர் கையில கொடுத்து அனுப்பலாம், முறை வெச்சுப் போகலாம்.

8/ ஓனர் படுத்தா பத்து நாள் சூளை எரியாது. எரியலைன்னா அச்சு ஊத்துறவங்க, பெயின்ட் அடிக்கிற பெண்கள், அத்தனை பேருக்கும் அந்த வாரக் கூலி இல்ல. கார்த்திகை ஆர்டருக்குக் கிளம்புற அண்ணாச்சி, தம்பி எல்லாரும் இந்தத் தடவை ஒரு ராத்திரி தூங்கிட்டு வாங்க.