புள்ளி அசையலைன்னா வண்டி நின்னுடுச்சா? கொடைக்கானல் மலைச்சாலையில் ஜிபிஎஸ் எப்படி வேலை செய்கிறது?

வத்தலக்குண்டைத் தாண்டி கொடைக்கானல் மலை ஏறுகிறது ஒரு டூரிஸ்ட் வேன் என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் இருக்கும் உரிமையாளர் மொபைலில் பார்க்கிறார். மேப்பில் வண்டியின் புள்ளி 20 நிமிடமாக அசையவே இல்லை. டிரைவருக்கு போன் போட்டால் 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்கிறது. வண்டிக்கு என்ன ஆச்சு? ஒன்றுமே ஆகாமலும் இருக்கலாம். எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

எந்த வண்டிகளுக்கு ஜிபிஎஸ் கட்டாயம்?

2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பேருந்தில் நடந்த கொடூரத்துக்குப் பிறகு, பயணிகள் வாகனங்களைக் கண்காணிக்க வேண்டும் என்ற குரல் வலுத்தது. மத்திய மோட்டார் வாகன விதி 125எச்-ன்படி, 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் பேருந்து, வேன், டாக்ஸிகளில் இருப்பிடம் காட்டும் கருவியும் அவசர பட்டனும் இருக்க வேண்டும். ஆட்டோவுக்கு விலக்கு உண்டு. சொந்த கார்களுக்கு இது கட்டாயம் இல்லை. பழைய வண்டிகளுக்கு எப்போதிலிருந்து என்பதை மாநில அரசுகள் முடிவு செய்யலாம்.

சிக்கல் எங்கே?

இந்தக் கருவி இரண்டு வேலைகளைச் செய்கிறது. முதலில், குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னலை வாங்கி தன் இடத்தைக் கணக்கிடுகிறது. இதற்கு இன்டர்நெட் தேவையில்லை. அடுத்து, அந்த இடத்தை சிம் கார்டு வழியாக சர்வருக்கு அனுப்புகிறது. இதற்கு செல்போன் டவர் கட்டாயம் வேண்டும்.

மலைச்சாலையில் இரண்டுமே அடி வாங்கும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் மரம் என்று வானம் மறைந்தால் இடம் துல்லியமாகக் கிடைக்காது. கொண்டை ஊசி வளைவில் மேல் ரோட்டில் போகும் வண்டி, கீழ் ரோட்டில் இருப்பதாகக்கூட காட்டலாம். டவர் கிடைக்காவிட்டால் புள்ளி அப்படியே உறைந்துவிடும்.

அப்போ அந்த நேரத்துத் தகவல் போச்சா?

போகாது. ஏஐஎஸ் 140 தரத்தின்படி, டவர் இல்லாத நேரத்தில் கருவி தகவல்களைச் சேமித்து வைக்கும். சிக்னல் வந்ததும் மொத்தமாக அனுப்பும். வண்டி எந்த வழியாகப் போனது என்று பிறகு பார்க்க இது உதவும். ஆனால், அந்த நிமிடமே பள்ளத்தில் இருந்து ஒருவரைக் காப்பாற்ற உதவாது. அவசர பட்டனும் இப்படித்தான். டேட்டா இல்லாவிட்டால் எஸ்எம்எஸ் ஆக அனுப்பப் பார்க்கும். டவரே இல்லையென்றால் அதுவும் போகாது.

இ-பாஸ் இருக்கே, அது போதாதா?

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் நடைமுறை வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று வரம்பும் விதிக்கப்பட்டது. இ-பாஸால் எத்தனை வண்டி மலை ஏறுகிறது என்று எண்ண முடியும். ஏறிய வண்டி எந்த வளைவில் நிற்கிறது என்பது அதற்குத் தெரியாது.

என்ன செய்யலாம்?

புள்ளி நின்றால் முதலில் 'கடைசியாக அப்டேட் ஆன நேரம்' என்ன என்று பாருங்கள். நேரம் ஓடிக்கொண்டே இருந்து புள்ளி மட்டும் நின்றால், பெரும்பாலும் வண்டி உண்மையிலேயே நிற்கிறது. நேரமும் நின்றுபோயிருந்தால், பெரும்பாலும் சிக்னல்தான் போயிருக்கும். பூம்பாறை, மன்னவனூர் பக்கம் போகிறவர்கள் எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டிலோ தங்கும் இடத்திலோ சொல்லிவிட்டுப் போவது நல்லது. அந்த நேரம் தாண்டினால் தேட வேண்டும் என்று ஒருவருக்காவது தெரிந்திருக்கும். டவர் இல்லாத இடத்தில் கருவியால் அதைச் சொல்ல முடியாது.