கூரை மட்டும் போதுமா?

ஆலந்தலைக் கரையில் நின்று பாருங்கள், தோழர்களே! படகும் வலையும் மணலில். குடும்பம் கூப்பிடு தூரத்தில். விடியுமுன் கடலேறும் உழைப்பாளிக்கு வீடும் தொழிலும் ஒன்றே. அவன் வீடிழந்தால் எங்கே குடியமர்த்துவது?

2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை வந்தது. 2005 மார்ச்சில் பிறந்த அரசாணை 172, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடிழந்தோர் அப்பால் சென்றால் புதுவீடு என்றது. செல்ல மறுத்தால் உதவி இல்லை என்றது. உயிர் காக்கும் எண்ணத்தை வரவேற்கிறோம். தொழில் காக்கும் வழி எங்கே என்று கேட்கிறோம்!

இது கடற்கரைக்கு மட்டும் வந்த கேடல்ல. சென்னையின் ஆற்றோரக் குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் பெயர்த்தார்கள். கான்கிரீட் கூரை கிடைத்தது. கூலிவேலையும் பிள்ளைகளின் பள்ளியும் பல மைல் பின்னால் நின்றுவிட்டன. 1970-ல் குடிசை மாற்று வாரியம் தோன்றிய காலத்தில், குடிசை நின்ற இடத்திலேயே அடுக்குவீடுகள் எழுந்தனவே! அந்த வழி ஏன் மறந்தது?

2011 கணக்கெடுப்பில் நாட்டில் வீடற்றோர் 17 லட்சத்துக்கும் மேல். அவர்களுக்குத் தேவை நான்கு சுவர் மட்டுமா? ரேஷன் அட்டை வேண்டும். பிள்ளைக்குப் பள்ளி வேண்டும். நோய்க்கு மருத்துவர் வேண்டும். நடந்து போகும் தூரத்தில் வேலை வேண்டும். இவை சலுகை அல்ல, வீட்டின் அடித்தளம்!

எத்தனை வீடு கட்டினோம் என்று கணக்குக் காட்டுகிறார்கள். எத்தனை குடும்பம் அதில் நிலைத்து வாழ்கிறது? அந்தக் கணக்கையும் கேட்போம்!